கடல் தெரியும் அறையும் ஏழு படிகளும்: ஹேவ்லாக்கில் ஒரு குடும்பம் தங்கிய நான்கு இரவுகள் (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

திருச்சியில் இருந்துகொண்டு குடும்பங்களுக்குப் பயண ஏற்பாடு செய்து தருவது என் தொழில். 2024 டிசம்பர் அரையாண்டு விடுமுறையில் அந்தமானுக்கு அனுப்பிய ஒரு குடும்பத்தின் கதை இது. தப்பு பெரும்பாலும் என்னுடையது. அதனால் குடும்பத்தின் அடையாளமும் விடுதியின் பெயரும் இங்கே வேண்டாம்.

ஐந்து பேர். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பத்து வயதுப் பையன், நான்கு வயதுப் பெண். கணவரின் அம்மாவுக்கு 69 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம், சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறார். அவருக்கு இதுதான் முதல் விமானப் பயணம்.

கணவர் என்னிடம் சொன்ன நிபந்தனைகள் மூன்று. ரூமிலிருந்தே கடல் தெரிய வேண்டும். பிள்ளைகள் கடலில் இறங்கி விளையாட வேண்டும். அம்மாவுக்குச் சைவச் சாப்பாடு கிடைக்க வேண்டும். இரண்டு அறைகள், ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 7,000 ரூபாய்க்குள். அம்மாவைப் பற்றி நிறையப் பேசினோம். அம்மாவோடு நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

டிசம்பர் 26 சென்னையிலிருந்து விமானம், அன்றிரவு போர்ட் பிளேயர் (அந்தச் செப்டம்பரில்தான் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியிருந்தார்கள், டாக்ஸிக்காரர்கள் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள்). 27 காலை கப்பலில் ஹேவ்லாக், அங்கே நான்கு இரவுகள். 31 திரும்பி, ஜனவரி 1 விமானம். ஜனவரி 2 பள்ளிக்கூடம் திறந்துவிடும், ஒரு நாள்கூட நீட்ட வழியில்லை.

எந்தத் தீவு, எந்தக் கரை

போர்ட் பிளேயரிலேயே தங்கி, தினமும் தீவுக்குப் போய்வரலாம் என்பதை முதலிலேயே தள்ளிவிட்டோம். தனியார் கப்பலில் ஹேவ்லாக்குக்கு ஒன்றரை மணி நேரம், அரசுக் கப்பலில் இன்னும் ஒரு மணி நேரம் கூட. நான்கு வயதுக் குழந்தையோடு தினமும் அந்த அலைச்சல் ஆகாது. நீல் தீவு சின்னது, தரையும் பெரும்பாலும் சமம். ஆனால் பெரியவருக்குச் சர்க்கரை கூடிக் குறைந்தால் என்ன செய்வது என்ற பயத்தில் அதையும் விட்டோம். மிஞ்சியது ஹேவ்லாக்.

2018 டிசம்பரில் அதற்குச் சுவராஜ் தீவு என்று பெயர் வைத்தார்கள். பழைய கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்தவர்களை 1950-களில் அங்கே குடியேற்றினார்கள். கிராமங்களுக்குக் கோவிந்த நகர், விஜய நகர், ராதாநகர் என்று பெயர் இருந்தாலும் ஆட்டோக்காரரிடம் மூணாம் நம்பர், அஞ்சாம் நம்பர், ஏழாம் நம்பர் என்றால்தான் சட்டென்று புரியும். மூன்றும் ஐந்தும் கிழக்குக் கரை. ஏழு மேற்குக் கரை. படகுத்துறையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர், காட்டுக்குள் போகும் ரோடு. 2004-ல் டைம் பத்திரிகை ஆசியாவிலேயே சிறந்த கடற்கரை என்று எழுதியது ஏழாம் நம்பரைத்தான்.

தங்கும் விடுதிகளில் பெரும்பாலானவை கிழக்கில்தான். கடை, ஓட்டல், படகுத்துறை எல்லாம் அந்தப் பக்கம். மேற்கில் விடுதிகள் சில மட்டுமே. நல்லவை எங்கள் வரம்பைத் தாண்டின. போதாததற்கு டிசம்பர் கடைசியில் அங்கே மாலை 5 மணி தாண்டியதும் சூரியன் விழுந்துவிடும். இந்திய நேரத்தையே வைத்துக்கொண்டு இவ்வளவு கிழக்கே தள்ளி இருப்பதால் வரும் வினை. ஆறு மணிக்கு ஏழாம் நம்பர் ரோட்டில் கும்மிருட்டு.

ஆகவே அஞ்சாம் நம்பரில், கடலைப் பார்த்த இரண்டு குடில்களைப் பிடித்தேன். விடுதியின் படங்களில் குடில் வாசலிலிருந்து பத்தடியில் நீலத் தண்ணீர். நானே அந்தக் கரைக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன், இரண்டு தடவையும் தண்ணீர் இருந்தது. நான் போன நாட்கள் இரண்டுமே அட்டமியை ஒட்டி, அதாவது கடல் அதிகம் வற்றாத சமயத்தில் வந்தவை என்பதைப் பிறகுதான் நாட்காட்டியைப் புரட்டிக் கண்டுபிடித்தேன்.

விடுதிக்குப் போன் போட்டு இரண்டு கேள்வி கேட்டேன்.

"கிரவுண்ட் ஃப்ளோர்தானே?"

"ஆமா சார், இங்க எல்லாமே கிரவுண்ட் ஃப்ளோர்தான்."

"ரூம்ல ஃப்ரிட்ஜ் இருக்கா?"

"இருக்கு சார்."

அவர்கள் சொன்ன இரண்டு பதிலும் உண்மை.

முதல் நாள், டிசம்பர் 27

காலை பதினொரு மணிக்கு மருமகள் ஒரு படம் அனுப்பினார். தென்னை, நீலக் கடல், தண்ணீரை நோக்கி ஓடும் சின்னவள். "சூப்பர் அண்ணா" என்று கீழே ஒரு வரி. சாப்பிட்டுவிட்டு மற்ற வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

2 மணி வாக்கில் இரண்டாவது படம் வந்தது. அதே தென்னை. கடல்தான் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வரை சாம்பல் நிறத்தில் கல்லும் செத்த பவளமும், நடுவே அங்கங்கே குட்டை. தண்ணீர் எங்கோ தொடுவானத்தில் ஒரு கோடாகத் தெரிந்தது. இந்தப் படத்துக்குக் கீழே எதுவும் எழுதவில்லை.

கிழக்குக் கரை முழுவதும் ஆழமில்லாத பவளத்திட்டு. கடல் ஏறியிருக்கும்போது இடுப்பளவு தண்ணீர் திட்டை மூடியிருக்கும், உள்வாங்கினால் திட்டு வெளியே வந்துவிடும். ஏழாம் நம்பரிலும் கடல் உள்வாங்கத்தான் செய்கிறது. அடியில் வெறும் மணல் என்பதால் அங்கே கரை அகலமாகும், அவ்வளவுதான்.

சாயங்காலம் பெரியம்மாவே, அதாவது கணவரின் அம்மாவே, போனை வாங்கிப் பேசினார். அவர் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஏன் தம்பி, கடலக் காட்டுறேன்னு சொல்லி அறுப்பு முடிஞ்ச வயலுக்கு அனுப்பிட்டியே?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

படி விஷயமும் அன்றைக்கே தெரிந்தது. குடில்கள் மரக்கால்களின் மேல் நின்றன. மாடி கிடையாது, ஆகவே கிரவுண்ட் ஃப்ளோர். ஏறுவதற்கு ஏழு மரப்படி, ஒரு பக்கம்தான் கைப்பிடி. ஏறும்போது மகன் பின்னால் நின்று தாங்கிக்கொண்டார். இறங்கும்போது பெரியம்மா பின்புறமாகத் திரும்பி, இரண்டு கையாலும் மேல்படியைப் பிடித்துக்கொண்டு, தவழும் பிள்ளை கட்டிலிலிருந்து இறங்குவதுபோல ஒவ்வொரு காலாகத் துழாவி இறங்கினாராம். பகல் முழுவதும் இரண்டே முறைதான் வெளியே வந்தார். கழிப்பறை உள்ளேயே இருந்தது நல்லதாகப் போயிற்று.

இரவுச் சாப்பாடு முடிந்து அறைக்குத் திரும்பி, மருமகள் இன்சுலினை எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்திருக்கிறார். உள்ளே துணி அலமாரி போல இருந்ததாம். கூட வைத்த ஐஸ் பொட்டலம் தண்ணீராகிக் கிடந்தது. கதவருகே செருகும் சாவி அட்டையை உருவிக்கொண்டு வெளியே போனால் விளக்கு, ஏசி எல்லாவற்றோடும் ஃப்ரிட்ஜும் அணைந்துவிடுகிறது. பிரித்துப் பயன்படுத்திக்கொண்டிருக்கும் இன்சுலின் சில மணி நேரம் வெளியே இருந்தால் கெட்டுப்போகாது. ஆனால் பிரிக்காத இரண்டு குப்பிகளும் அதற்குள்தான் இருந்தன.

இரண்டாம் நாள், டிசம்பர் 28

நான் போட்டுக் கொடுத்த திட்டப்படி காலையில் ஊர் சுற்றல், மதியத்துக்கு மேல் விடுதிக் கரையில் ஓய்வு. காலையில் அவர்கள் கிளம்பிப் போகும்போது வாசலில் கடல் நிறைந்திருந்தது. மதியம் திரும்பி வரும்போது வற்றியிருந்தது.

இரண்டரை மணிக்குப் பையன் நண்டு பார்க்க உள்ளே நடந்தான். உள்வாங்கிய கடல் எந்தப் பிள்ளையையும் கூப்பிடும். தடுத்திருக்க வேண்டும் என்று யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். குட்டைகளில் கடல் அட்டைகள் கிடந்தன, அவற்றைப் பார்த்துக்கொண்டே நூறு மீட்டருக்கு மேல் போய்விட்டான். பாசி வழுக்கிச் செருப்பு கழன்று, செத்த பவளத்தின் மேல் காலை ஊன்றிவிட்டான். உள்ளங்காலில் ஒரு விரல் நீளத்துக்கு வெட்டு, குதிகாலில் சிராய்ப்பு. அப்பா தூக்கிக்கொண்டு வந்தார். தீவின் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, கண்ணுக்குத் தெரிந்த துணுக்குகளை எடுத்து, ஊசி போட்டு, கடலில் கால் வைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். பவளம் கிழித்த காயத்துக்குள் நுண்ணிய துணுக்குகள் தங்கிவிடும், அதனால் ஆற நாளாகும்.

எடுத்த முடிவு

அன்றிரவு ஒன்பது மணிக்கு மூன்று பேர் போனில் உட்கார்ந்தோம். கணவர் கோபமாக இருந்தார். "சார், இடத்தையே மாத்துங்க. எவ்வளவு ஆனாலும் பரவாயில்ல."

அதற்குள் நான் விசாரித்து வைத்திருந்தேன். ஏழாம் நம்பரில் ஒரே ஓர் அறை இருந்தது, எங்கள் வரம்பைப் போல இரண்டரை மடங்கு விலை. ஐந்து பேருக்கு ஓர் அறை போதாது. நீல் தீவுக்குப் போகலாம் என்றால் மறுநாள் கப்பலில் மூன்று இருக்கைதான் மிச்சம். வருஷக் கடைசி வாரத்தில் இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. தவிர, பெட்டி கட்டி, அறை காலி செய்து, வேறு இடத்தில் அறைக்குக் காத்திருந்து என்று அரை நாளாவது போகும். மிச்சம் இருந்ததே இரண்டு முழு நாட்கள்.

பிறகு போர்ட் பிளேயருக்கான கடல் ஏற்ற இறக்க அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டேன். முன்பதிவுக்கு முன்னால் பார்த்திருக்க வேண்டியது. கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றுகிறது, ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரம் போலத் தள்ளிப்போகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றுவதும் அதிகம். நம் ஊர்க் கடலோரத்தில் எந்த மீனவரைக் கேட்டாலும் இதைச் சொல்வார். டிசம்பர் 30 மார்கழி அமாவாசை, அனுமத் ஜெயந்தி. அதாவது நான் அவர்களை அனுப்பிய நாட்களில் கடல் நாளுக்கு நாள் இன்னும் தூரம் போகும்.

அதே அட்டவணையில் இன்னொன்றும் தெரிந்தது. அந்த வாரம் முழுக்கக் காலையில் கிழக்குக் கரையில் தண்ணீர் நிறைந்திருக்கிறது. நல்ல நேரத்தில் பிள்ளைகளை டாக்ஸியில் ஏற்றிவிட்டு, தண்ணீர் இல்லாத நேரத்தில் கரைக்குத் திருப்பி அனுப்பியிருந்தேன். கரை தேர்ந்ததில் பாதித் தப்பு என்றால் நேரம் போட்டதில் முழுத் தப்பு.

மருமகள்தான் சொன்னார்: "அத்தைகிட்ட ஒரு வார்த்தை கேப்போம்." போன் கைமாறியது.

"எனக்கு ரூம்ல கடல் வேணாம் தம்பி. ராத்திரி சத்தம் கேட்டா போதும். கதவத் தொறந்தா தரை வேணும்."

விடுதியின் பின்பக்கம், சமையற்கட்டை ஒட்டித் தோட்டத்து அறைகள் இருந்தன. ஒரே ஒரு படி, விலையும் குறைவு. கடல் தெரியாது என்பதால் அவற்றை நான் அவர்களுக்குக் காட்டவே இல்லை. இடம் மாற வேண்டாம் என்று முடிவானது. பெரியம்மாவும் கால்கட்டோடு பேரனும் தோட்டத்து அறைக்குப் போனார்கள். இன்சுலினை டப்பாவில் போட்டு, மேலே பெரியம்மாவின் பெயரை எழுதிச் சமையற்கட்டு ஃப்ரிட்ஜில் வைத்தார்கள். எலிஃபண்ட் கடற்கரைக்கு ஸ்நார்க்லிங் (குழாய் வழியே மூச்சு விட்டுக்கொண்டு தண்ணீருக்கு அடியில் பார்ப்பது) போவதாக இருந்ததை விட்டுவிட்டோம், கட்டிய பணம் திரும்பவில்லை. காலையில் விடுதிக் கரை, மூன்று மணிக்கு மேல் ஏழாம் நம்பர் என்று நாளைத் திருப்பிப் போட்டோம்.

ஒரு நிபந்தனையை மட்டும் அழுத்திச் சொன்னேன்: உயிர்காப்பாளர் நிற்கும் பகுதியை விட்டு நகரக் கூடாது, ஓடைப் பக்கம் போகவே கூடாது. அந்தமானில் உப்புநீர் முதலை உண்டு. 2010-ல் ராதாநகரை ஒட்டிய நீல்ஸ் கோவ் என்ற இடத்தில் அமெரிக்கப் பெண் ஒருவரை முதலை இழுத்துக் கொன்றது. ஆள் இல்லாத கரை அழகாகத் தெரியும். ஏன் ஆள் இல்லை என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மூன்றாம், நான்காம் நாட்கள்

29-ஆம் தேதி நினைத்தபடி நடந்தது. அங்கே ஐந்தே முக்காலுக்குள் பொழுது விடிந்துவிடுகிறது, பிள்ளைகளை யாரும் எழுப்ப வேண்டியதில்லை. ஏழு மணியிலிருந்து எட்டரை வரை சின்னவளும் அப்பாவும் தண்ணீருக்குள் கிடந்தார்கள். பையன் காலில் பிளாஸ்டிக் உறை கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். இந்தப் பயணத்தில் அதிகம் இழந்தது அவன்தான். அதற்கு என்னிடம் ஈடு எதுவும் இல்லை.

மாலை ஏழாம் நம்பருக்குப் போனார்கள். வண்டி நிற்கும் இடத்திலிருந்து பெரிய பெரிய மரங்களின் நிழலில் கொஞ்ச தூரம் சமதரை, பிறகு நேரே மணல். பெரியம்மா சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் அரை மணி நேரம் நின்றார். இருட்டுமுன் வண்டியில் ஏறிவிட்டார்கள்.

30-ஆம் தேதி என் கணக்கு மறுபடி இடித்தது. தண்ணீர் நிறைந்திருந்தால் போதும் என்று நினைத்தேன், அமாவாசை ஏற்றம் எவ்வளவு தூரம் வரும் என்று யோசிக்கவில்லை. ஒன்பது மணிக்கு அலை தென்னைகளின் வேரில் அடித்தது. நிற்க ஓர் அடி மணல் இல்லை, அலை திரும்பும்போது மரக்கட்டைகளை உருட்டிக்கொண்டு போனது. விடுதிக்காரரே குழந்தையை இறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்தக் காலை வீண்.

அன்றைக்குச் சாயங்காலம் பெரியம்மா ஏழாம் நம்பருக்கு வரவில்லை என்றார். மகனும் பிள்ளைகளும் போக, மருமகளோடு விடுதிக் கரையிலேயே இருந்துவிட்டார். கடல் அந்த வாரத்திலேயே மிக அதிகமாக உள்வாங்கியிருந்த நேரம். மேல்கரையில் இறுகிய ஈர மணலில், கல் தொடங்கும் இடத்துக்கு இப்பால், இருவரும் ஊன்றுகோலோடு மெள்ள நடந்தார்கள். சங்கு நண்டு ஒன்று தன் வீட்டை இழுத்துக்கொண்டு போவதை நின்று பார்த்தாராம். "வரப்புல நடக்குற மாதிரி இருந்துச்சு தம்பி. அந்த இன்னொரு கடல் நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒரே கூட்டம்" என்றார் என்னிடம். பிள்ளைகளுக்கு ஆகாத கரையும் ஆகாத நேரமும் அவருக்குப் பிடித்திருந்தன. அவருக்கு என்ன பிடிக்கும் என்று நாங்கள் மூவரும் அவரைக் கேட்காமலே முடிவு கட்டியிருந்தோம்.

மணல் ஈக்கடி எல்லோருக்கும் உண்டு, தேங்காய் எண்ணெய் தடவிச் சமாளித்தார்கள். 31-ஆம் தேதி கிளம்பும்போது பையன் பையில் போட்டிருந்த சிப்பிகளையும் பவளத் துண்டையும் எடுத்துக் கரையிலேயே போட வைத்தார் அம்மா. அங்கிருந்து பவளம் கொண்டுவருவது சட்டப்படி குற்றம், விமான நிலையத்தில் பையைச் சோதிக்கும்போது மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

கணக்கு: கடல் தெரியும் குடிலுக்கும் தோட்டத்து அறைக்கும் இருந்த விலை வித்தியாசத்தை விடுதி பணமாகத் திருப்பவில்லை, ஒரு நாள் டாக்ஸியை ஏற்றுக்கொண்டது. என் கூலியை நான் திருப்பிக் கொடுத்தேன். கணவர் வாங்கிக்கொண்டார், அது சரிதான்.

இப்போது செய்வது

"கிரவுண்ட் ஃப்ளோரா" என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். ரோட்டிலிருந்து கட்டில் வரை மொத்தம் எத்தனை படி, கைப்பிடி எந்தப் பக்கம் என்று கேட்கிறேன். சில விடுதிக்காரர்கள் எழுந்து போய் எண்ணிவிட்டு வந்து சொல்கிறார்கள், அப்படிச் சொல்பவர்களிடம் எனக்கு நம்பிக்கை கூடுகிறது. சாவி அட்டையை எடுத்த பிறகும் ஃப்ரிட்ஜ் ஓடுமா என்பது அடுத்த கேள்வி. விடுதி அனுப்பும் பழைய படங்களைப் பார்ப்பதில்லை. இன்று மதியம் 2 மணிக்கு ஒன்று, நாளை காலை 8 மணிக்கு ஒன்று என்று போனில் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். மறுத்த விடுதிகள் இரண்டு. இரண்டையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

பவளத்திட்டு உள்ள கரை என்றால் தேதியை நாட்காட்டியோடு வைத்துப் பார்க்கிறேன். பள்ளி விடுமுறை அமாவாசையில் விழுந்தால் நாளை நகர்த்த முடியாது, அப்போது திட்டத்தின் நேரத்தை நகர்த்துகிறேன். ரப்பர் அடி வைத்த தண்ணீர்ச் செருப்பைப் பிள்ளைகளுக்கு ஊரிலேயே வாங்கச் சொல்கிறேன். வீட்டில் மூத்தவர் யாரோ, அவரோடு ஐந்து நிமிடமாவது நேரில் பேசாமல் முன்பணம் வாங்குவதில்லை.

இதே குடும்பம் இன்று வந்தால் எங்கே தங்கவைப்பேன்? அதே விடுதிதான், தோட்டத்து அறைகள் இரண்டு, மிச்சப்படும் பணத்துக்குத் தினமும் ஏழாம் நம்பருக்கு டாக்ஸி. கணவர் இதற்கு ஒத்துக்கொள்வாரா என்பது வேறு விஷயம். இவ்வளவு தூரம் போய்க் கடல் தெரியாத அறையிலா என்று அவர் கேட்டால், அதிலும் நியாயம் இருக்கிறது.

பிற்பாடு

பொங்கல் கழிந்தும் பையனின் குதிகாலில் ஒரு கறுப்புப் புள்ளி வலித்துக்கொண்டே இருந்தது. பிப்ரவரியில் திருச்சி டாக்டர் ஒருவர் மரத்துப்போக ஊசி போட்டுக் கீறி எடுத்தார். கடுகளவு பவளம். வீட்டில் அதைக் காலி மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறானாம். சோதனையில் சிக்காமல் அந்தமானிலிருந்து வந்தது அது ஒன்றுதான் என்று அவன் பாட்டி போனில் சொன்னார்.